எள்ளளவு

கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கரை வைத்து, அதன் பின்னால் ஆள்காட்டி விரலைக் கொண்டுபோய் நிறுத்தும்போது, விரல் நடுங்கினால் நகம் ஸ்ட்ரைக்கரில் பட்டு ஒரு சிறு ஓசை எழும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது கேட்காது. நடுவருக்கும் கேட்காது. ஆடுகிறவருக்கு மட்டும் கேட்கும். கேட்ட மாத்திரத்தில் நடுக்கம் இரண்டு மடங்காகும். முப்பத்தெட்டு வயதில் மறுபடியும் போட்டிகளுக்கு வந்த நாளிலிருந்து அந்த ஓசை என்னுடனேயே இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதை எழுத வேண்டுமானால், எனக்கு எதிரே பல ஆண்டுகள் உட்கார்ந்த ஒருவரைப் பற்றியும், அவருக்கு நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும்.

அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். தாம்பரம் ரயில்வே குடியிருப்பில் வீடு. 1981ஆம் ஆண்டு கோடை விடுமுறையின் தொடக்கத்தில், சென்ட்ரல் பக்கத்தில் அப்போது இருந்த மூர் மார்க்கெட்டில் ஒரு கேரம் பலகை வாங்கி, பார்க் நிலையம்வரை தலையில் சுமந்து வந்து, மீட்டர்கேஜ் மின்சார ரயிலில் கதவோரமாகச் சாய்த்துவைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். எனக்கு ஒன்பது வயது. 1985இல் மூர் மார்க்கெட் தீக்கிரையான செய்தி வந்தபோதும் நாங்கள் அந்தப் பலகையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தோம். அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்றுதான்: "அடிக்காதே, அனுப்பு."

பெண் பிள்ளைகள் கேரம் ஆடுவது கோடை விடுமுறைக்கென்று ஒத்துக்கொள்ளப்பட்ட விஷயமாக இருந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்தால் பலகை கட்டிலுக்கு அடியில் போய்விடும். கல்லூரியில் இரண்டு பரிசுகள் வாங்கினேன். பிறகு வேலை, திருமணம், குழந்தை. பலகை அம்மா வீட்டிலிருந்து முடிச்சூரில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு வந்தது. அங்கும் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது.

கேரம் தெரியாத வாசகர்களுக்காக ஓர் இடைச்செருகல். இது பொழுதுபோக்கு விளையாட்டு என்று எண்ணுகிறவர்கள் அதிகம். ஆனால் பன்னாட்டுக் கேரம் கூட்டமைப்பு 1988இல் உருவானதே சென்னையில்தான். இரண்டு முறை உலகப் பட்டம் வென்று அர்ஜுனா விருதும் பெற்ற மரிய இருதயம் இந்த நகரத்துக்காரர். 2008இல் பிரான்ஸின் கான் நகரில் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடியிலிருந்து போனவர். 2024இல் அமெரிக்காவில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற காசிமா காசிமேட்டுப் பக்கத்துப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். பெரிய மைதானமோ விலையுயர்ந்த உபகரணமோ கேட்காத ஆட்டம் என்பதால், வட சென்னையின் சந்துகளில் இது வேரூன்றிவிட்டது. எங்கள் தென்புறநகர்ப் பகுதியில் அந்த அளவு இல்லை. இங்கே இது ரயில்வே குடியிருப்புகளிலும் அரசு அலுவலகங்களின் மனமகிழ் மன்றங்களிலும் மதிய உணவு இடைவேளையில் உயிர் வாழ்ந்த ஆட்டம்.

அப்படி ஒரு மதிய இடைவேளையில்தான், 2010இல், அலுவலகங்களுக்கு இடையிலான போட்டிக்கு ஒரு பெண் குறைகிறது என்று என் பெயரை எழுதிக்கொண்டுபோனார்கள். போட்டி நடந்தது கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியில். எட்டுப் பலகைகள், ஒவ்வொன்றின் மேலும் தாழத் தொங்கிய விளக்கு. பெஞ்சுகளில் பார்வையாளர்கள் என்று பத்துப் பதினைந்து பேர். பல ஆண்டுகள் அலுவலகத்தில் எத்தனையோ தணிக்கைகளையும் மேலதிகாரிகளையும் சமாளித்தவள் நான். அந்த விளக்கு வெளிச்சத்துக்குள் என் கையை நீட்டியபோது அது வேறு யாருடைய கையோ போல ஆடியது. அன்றுதான் நகத்தின் ஓசையை முதல்முறை கேட்டேன். சிறுமியாக ஆடியபோது அது இருந்ததே இல்லை.

முதல் சுற்றில் எனக்கு எதிரே உட்கார்ந்தவர் பல்லாவரத்திலிருந்து வந்திருந்தார். தொலைபேசித் துறை ஊழியர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஸ்ட்ரைக்கரைக் கைக்குட்டையில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்திருந்தார். என்னைத் துடைத்துப் போட்டுவிட்டார். ஆட்டம் முடிந்ததும், "கை நல்லா இருக்கு உனக்கு. மனசுதான் முன்னாடி ஓடுது. அடுத்த வருஷமும் வா," என்றார். அவரைப் பல்லாவரத்து அக்கா என்றே இங்கே குறிப்பிடுகிறேன்.

அடுத்த வருடமும் போனேன். அதற்கடுத்த வருடமும் போனேன். 2010 முதல் 2017வரை நானும் அக்காவும் பதினேழு ஆட்டங்கள் ஆடினோம். பன்னிரண்டில் அவர் வென்றார். மற்ற பெண்களிடம் தோற்றால் வீட்டுக்கு வந்து சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கிவிடுவேன். அக்காவிடம் தோற்றால் இரவு முழுவதும் காய்கள் கண்ணுக்குள் உருளும். மற்றவர்களை வென்றால் கிடைத்த மகிழ்ச்சி பரிசளிப்போடு முடிந்துவிடும். அக்காவை வென்ற ஐந்து ஆட்டங்களில் நான்கை இன்றும் காய் காயாக நினைவுகூர முடியும். ஐந்தாவதையும் முடியும். அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன்.

அக்காவின் ஆட்டம் மறைப்பு ஆட்டம். தன் காய்களை வேகமாகக் குழியில் தள்ளுவதில் அவருக்கு அவசரமே கிடையாது. எதிராளி ஸ்ட்ரைக்கரை வைக்க விரும்பும் இடம் எதுவோ, அங்கே தன்னுடைய காய் ஒன்றை மெதுவாக அனுப்பி நிறுத்திவிடுவார். விதிப்படி ஸ்ட்ரைக்கர் அடிக்கோடுகள் இரண்டையும் தொட்டபடி இருக்க வேண்டும். எந்தக் காயும் அதற்கு இடைஞ்சலாக இருந்தால் வேறிடம் தேட வேண்டியதுதான். பலகையின் மறுபக்கத்திலிருந்து, இரண்டரை அடி தூரத்தில், ஒரு காயை அந்த அளவுக்குச் சரியாக நிறுத்துவதற்குக் கண் வேண்டும். அக்காவுக்கு அந்தக் கண் இருந்தது. "விரல் எல்லாருக்கும் ஆடும்மா. கண்ணு ஆடக்கூடாது," என்பார்.

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையை எங்கள் பகுதியில் யாரும் மறக்க முடியாது. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. நாங்கள் மாடி வீட்டுக்காரர்களின் தயவில் இரண்டு இரவுகள் இருந்தோம். தண்ணீர் வடிந்து கீழே வந்தபோது கட்டிலுக்கு அடியிலிருந்த பலகை அப்பளம் போல் உப்பியிருந்தது. அப்பா இறந்து அப்போது ஆறு வருடம். பலகையைத் தெருவில் குவிந்திருந்த மெத்தைகள், பாடப்புத்தகங்களுக்கு நடுவே வைத்துவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்து, பொங்கலுக்கு முன், ஒரு ஆட்டோவில் பல்லாவரத்து அக்கா வந்து இறங்கினார். தன் வீட்டிலிருந்த இரண்டு பலகைகளில் நல்லதை எனக்குக் கொடுத்துவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினார். "நீ பழகாம வந்து தோத்தா எனக்கு என்ன ருசி இருக்கு?" என்றார். அவர் கொடுத்த பலகையில் அவரைத் தோற்கடிக்கப் பழகினேன். எதிராளி என்ற சொல்லுக்குள் இப்படி ஓர் உறவு இருக்க முடியும் என்பதை அதுவரை நான் யோசித்ததில்லை.

பதற்றத்துக்கு என்னென்ன செய்து பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படலாம். எல்லா மனிதர்களின் கையும் எப்போதும் மிக மெல்லிதாக, நொடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவைவரை, நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. சாதாரணமாக அது கண்ணுக்குத் தெரியாது. அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஓடுகிறவருக்கும் தாண்டுகிறவருக்கும் அட்ரினலின் வரம். பதினைந்து கிராம் ஸ்ட்ரைக்கரை ஒரு நகத்தால் அனுப்புகிறவருக்கு அது சாபம். இதைச் சொன்ன மருத்துவரிடம் மாத்திரை உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளை மேடைக் கலைஞர்கள் சிலர் சாப்பிடுவதுண்டு, வில்வித்தை, துப்பாக்கி சுடுதல், பில்லியர்ட்ஸ் போன்றவற்றில் அவற்றுக்குத் தடையும் உண்டு என்று சொல்லிவிட்டு, எனக்கு இளைப்பு இருப்பதால் கூடவே கூடாது என்றார். இளைப்பு இல்லாதிருந்தால் சாப்பிட்டிருப்பேனா என்று கேட்டால், சாப்பிட்டிருப்பேன் என்பதுதான் உண்மையான பதில். வென்றாக வேண்டும் என்ற வெறி அப்போது அவ்வளவு இருந்தது.

மாத்திரைக்குப் பதிலாகச் சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டேன். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, காபி கிடையாது. ஒவ்வொரு முறையும் ஒரே வரிசை: கையைத் துடைப்பது, ஸ்ட்ரைக்கரை வைப்பது, குழியைப் பார்ப்பது, காயைப் பார்ப்பது, மூச்சை மெல்ல வெளியே விடும்போது அனுப்புவது. புள்ளிக் கணக்கைப் பார்க்காமல் காய்களை மட்டும் எண்ணுவது. எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்காதிருப்பது. இவையெல்லாம் மற்றவர்களோடு ஆடும்போது பலித்தன. அக்காவுக்கு எதிரே உட்கார்ந்ததும் நகம் தட்டத் தொடங்கிவிடும்.

2017 டிசம்பரில், அதே மாடியில், முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கென்று பிரித்திருந்த பிரிவில் நானும் அக்காவும் இறுதிக்கு வந்தோம். முதல் கேமை அவர் எடுத்தார், இரண்டாவதை நான் எடுத்தேன். மூன்றாவதில் ஏழு போர்டுகள் முடிந்தபோது அவருக்கு 22, எனக்கு 20. 25 புள்ளி அல்லது எட்டுப் போர்டு, எது முன்னால் வருகிறதோ அதோடு கேம் முடியும். ஆகவே எட்டாவது போர்டில் எல்லாம் தீர்ந்துவிடும். போர்டை வெல்பவருக்கு எதிராளியின் மிச்சக் காய்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, அவரே சிவப்பையும் எடுத்திருந்தால் கூடுதலாக மூன்று. ஆனால் 22ஐ எட்டியவருக்குச் சிவப்பால் புள்ளி கிடையாது. அக்கா அதனால் சிவப்பைத் தொடவே இல்லை. நான் எடுத்து ஃபாலோவும் போட்டுவிட்டேன். கடைசியில் பலகையில் இரண்டே காய்கள். என்னுடைய கறுப்பு ஒன்று, அவருடைய வெள்ளை ஒன்று. கறுப்பைத் தள்ளினால் எனக்கு 24, கோப்பை என்னுடையது.

அப்போது முறை அவருடையது. தன் வெள்ளைக்கு நேர்வழி இல்லை என்று கண்டதும், அவர் செய்ததை இன்றும் வியக்கிறேன். வெள்ளையை ஒரு ஓரத்தில் தட்டி, என் பக்கத்து அடிக்கோட்டை ஒட்டி, வலது வட்டத்துக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்தினார். என் கறுப்பைக் குழிக்கு அனுப்ப வேண்டுமானால் ஸ்ட்ரைக்கரை நான் வைத்தாக வேண்டிய ஒரே இடம் அது. ஸ்ட்ரைக்கர் நுழைவதற்கு எள்ளளவு இடம் குறைந்தது.

வேறு கோணம் தேடுவது போலக் கையைக் கொண்டுபோனேன். விரல் நடுங்கிற்று. மோதிர விரலின் நுனி வெள்ளைக் காயில் பட்டது. காய் நகர்ந்தது. எவ்வளவு என்றால், அந்த எள்ளளவுதான்.

விதிப்படி அது ஃபவுல். தண்டமாக என் காய் ஒன்று வெளியே வர வேண்டும். அங்கே நடுவர் கிடையாது, இருவருமே ஒருவரையொருவர் நம்பி ஆடிய ஆட்டம். என் உள்ளங்கை மறைத்திருந்ததால் எதிரே இருந்தவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. "பட்டுடுச்சு அக்கா" என்று சொல்ல இரண்டு நொடி போதும். வாயைத் திறக்கவில்லை. ஸ்ட்ரைக்கரை வைத்தேன், நுழைந்தது. என்ன விநோதமென்றால், அந்தக் கணத்தில் நடுக்கம் நின்றுவிட்டது. நகம் ஓசைப்படுத்தவில்லை. கறுப்பு குழியில் விழுந்தது.

அக்கா எழுந்து கைகொடுத்தார். பலகையையே சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னிக்கு உன் விரல் நடுங்கவேயில்லையே."

அந்த வாக்கியத்தை எத்தனை ஆயிரம் முறை திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. பாராட்டா, குத்தலா? பார்த்துவிட்டாரா, பார்க்கவில்லையா?

இரண்டு மாதம் கழித்து, 2018 பிப்ரவரியில், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகள் கணினியில் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கின் பனிச்சறுக்கு நடனம் பார்த்துக்கொண்டிருந்தாள். சிறு வயதில் சக்கரச் சறுக்கு கற்றவள், அதனால் அதில் ஈடுபாடு. நானும் உட்கார்ந்தேன். நேதன் சென் என்ற பதினெட்டு வயது அமெரிக்க இளைஞன் பதக்கம் வெல்வான் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, முதல் நாள் குறுநிகழ்ச்சியில் விழுந்து தடுமாறிப் பதினேழாம் இடத்துக்குப் போனான். மறுநாள் அதே பையன் ஆறு முறை நான்கு சுற்றுத் தாவலுக்கு முயன்று, நீள்நிகழ்ச்சியில் முதலிடம் பெற்று, மொத்தத்தில் ஐந்தாவதாக வந்தான். "இழக்க ஒண்ணுமில்லைன்னா எல்லாம் வரும்மா," என்றாள் மகள். எனக்கு மட்டும் அந்த டிசம்பர் மாலை நினைவுக்கு வந்தது. எனக்கும் ஒரு கணம் எல்லாம் வந்தது. நான் எதை இழந்துவிட்டிருந்ததால் அது வந்தது என்று யோசித்தேன்.

அவள்தான் இன்னொன்றும் சொன்னாள். 2002இல் சால்ட் லேக் சிட்டியில் இணைச் சறுக்கில் ரஷ்ய இணைக்குத் தங்கம் கொடுத்தார்கள். ஒரு நடுவர் நிர்பந்தத்துக்கு உட்பட்டு மதிப்பெண் போட்டதாக விவகாரம் வெடிக்க, கனடா இணைக்கும் சில நாட்களில் தங்கம் கொடுத்தார்கள். பிறகு பல்லாண்டுகளாக இருந்த ஆறு புள்ளி மதிப்பீட்டு முறையையே மாற்றினார்கள். அங்கே பொய்யைச் சொல்லும் வாய்ப்பு நடுவரிடம் இருக்கிறது, அதைத் திருத்த ஒரு சபை இருக்கிறது. எங்கள் மாடியில் நடுவரும் நானே, சபையும் நானே. கோப்பை எங்கள் வீட்டு அலமாரியில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பெருக்கித் துடைக்கும்போதெல்லாம் அதை மட்டும் விட்டுவிட்டுத் துடைப்பேன்.

அதற்குப் பிறகு அக்காவோடு இரண்டு ஆட்டங்கள் ஆடினேன். இரண்டிலும் அவர் ஆட்டம் மாறியிருந்தது. மறைப்பு இல்லை. எல்லோரையும் போல நேரே குழிக்கு அடித்தார், அதில் அவர் சாமர்த்தியசாலி இல்லை. இரண்டிலும் நானே வென்றேன், எந்தப் பிழையும் செய்யாமல். வயதாகிறது போலும் என்று எண்ணிக்கொண்டேன். 2020 ஜனவரியில் தொலைபேசித் துறையில் ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேறியபோது அவரும் வெளியேறினார். மார்ச்சில் ஊரடங்கு வந்தது. போட்டிகள் நின்றன. தொலைபேசியில் நலம் விசாரிப்பதோடு சரி.

2022 ஜூலையில் மறுபடி போட்டி நடக்கப்போவதாகச் செய்தி வந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். "நான் வரல. நீ ஆடு," என்றார். ஏனென்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோப்பையை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு தாம்பரத்தில் ரயிலேறினேன். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று மூன்று நிலையங்கள்தான். அந்தப் பதினைந்து நிமிடத்தில் மூன்று முறை திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். போட்டிக்குப் போகும் வழியில்கூட எனக்கு அவ்வளவு நடுங்கியதில்லை.

அவர் வீட்டு மொட்டை மாடிக்கு மேலே விமானங்கள் தாழப் பறந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு விமானம் போகும்போதும் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது. அப்படி நிறுத்தி நிறுத்தித்தான் சொல்லி முடித்தேன்.

அவர் பார்த்திருக்கவில்லை. அதுவே முதல் அதிர்ச்சி. நான்கரை ஆண்டுகளாக, அவருக்குத் தெரியும், பெருந்தன்மையாகப் பேசாமலிருக்கிறார் என்று எண்ணி ஒருவிதத்தில் ஆறுதல் அடைந்திருந்தேன்.

ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ப் பலகையை எடுத்துவந்து போட்டார். ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை. கறுப்பை வைத்தார். பிறகு வெள்ளையை எடுத்து, என் பக்கத்து அடிக்கோட்டருகே, குனிந்து, கண்ணைச் சுருக்கி, விரலால் சிறிது சிறிதாக நகர்த்தி வைத்தார்.

"இங்கதானே?"

"ஆமா அக்கா. விரல் படறதுக்கு முன்னாடி அங்கதான்."

ஸ்ட்ரைக்கரை வைத்துப் பார்த்தார். நுழையவில்லை. எள்ளளவு இடித்தது. கையை எடுத்துவிட்டு நீண்ட நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கதான் விட்டேன்," என்றார். "நுழையாதுன்னு தெரியும் எனக்கு. நுழைஞ்சுது. அன்னிக்கே முடிவு பண்ணேன், கண்ணு போச்சுன்னு. மறுநாளே கண் டாக்டர்கிட்ட போனேன். அவர் ஒண்ணுமில்லன்னார். நான் நம்பல. கண்ணாடிய மாத்தினேன். அப்புறம் மறைப்பு வைக்கவே பயம். கை போய் வைக்கும், கண்ணு சரியா சொல்லுதான்னு சந்தேகம் வந்துடும். ஆட்டமே போச்சு."

நான் அழுதேன். அவர் அழவில்லை. "தண்டம் குடுத்திருந்தா அன்னிக்கு ஒரு ஆட்டம் தோத்திருப்ப. அவ்ளோதானே? எனக்கு என் கண்ணு மேல இருந்த நம்பிக்கையை எடுத்துட்டியேம்மா," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோப்பையை வேண்டாமென்றும் சொல்லவில்லை, வாங்கிக்கொள்ளவும் இல்லை. திண்ணையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

நான் கோப்பையைத் திருடினேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எடுத்தது வேறொன்று. நம் ஆட்டம் எப்படி இருக்கிறது என்று வீட்டாருக்குத் தெரியாது, கைதட்டுகிறவர்களுக்குத் தெரியாது. ஜெயித்தால் சபாஷ், தோற்றால் பரவாயில்லை, இவ்வளவே அவர்களால் முடியும். நாம் எங்கே தேறியிருக்கிறோம், எங்கே தேய்ந்திருக்கிறோம் என்பதை எதிரே இருந்து வெல்லத் துடிக்கும் ஒருவர்தான் காட்டித் தருகிறார். நாற்பது, ஐம்பது வயதில், பயிற்சியாளரும் இல்லாமல் ஆடுகிறவர்களுக்கு அதைத் தவிர வேறு அளவுகோல் கிடையாது. அக்கா எனக்கு ஏழு ஆண்டுகள் அந்தக் காரியத்தை நேர்மையாகச் செய்தார். நான் ஒரே ஒரு முறை அவருக்குப் பொய்யான அளவைக் கொடுத்தேன், அவர் அதை நம்பித் தன்னைக் குறைத்துக்கொண்டார்.

பதற்றத்தைப் பற்றியும் அப்போதுதான் ஏதோ புரிந்தது. தோல்வியை எண்ணி நடுங்குகிறேன் என்று நினைத்திருந்தேன். மற்றவர்களிடம் தோற்றபோது ஏன் நடுங்கவில்லை? நான் எவ்வளவு என்பது தெரிந்துவிடும் ஒருவரின் முன்னால் கையை நீட்டுவதால் வந்த நடுக்கம் அது. பொய் சொன்ன கணத்தில் அது நின்றதற்கும் காரணம் அதுவே. அந்தக் கணத்தில் அவர் முன்னால் நான் இல்லை, என் உள்ளங்கைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் அக்காவிடமிருந்து எந்த அழைப்பும் இல்லை. நானும் கூப்பிடத் துணியவில்லை. அந்த வருடப் போட்டிக்கு நானும் போகவில்லை. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு அழைத்தார். நலம் விசாரிப்பு ஏதும் இல்லை.

"நாளைக்கு வரியா? மறைப்பு வெச்சுப் பழகணும். எதிர்ல ஆள் வேணும்."

போனேன். அன்று அவர் இருபது முறை வைத்ததில் ஏழு சரியாக நின்றது. அடுத்த ஞாயிறு ஒன்பது. தீபாவளிக்குள் பதினைந்தைத் தாண்டிவிட்டார். நான் ஸ்ட்ரைக்கரை வைத்துப் பார்ப்பேன், நுழைகிறதா இல்லையா என்று சொல்வேன். அந்த வேலை மட்டும்தான் எனக்கு. அவர் என்னை மன்னித்தாரா என்று கேட்டதில்லை. கேட்டால் திட்டுவார். கோப்பை அவர் வீட்டில் பலகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பவுடர் டப்பாவையும் காய்களையும் அதில்தான் போட்டு வைத்திருக்கிறார்.

2024 ஜனவரியில் மறுபடி அதே மாடி, அதே தாழ்ந்த விளக்குகள். அரையிறுதியில் நாங்கள் எதிரெதிரே. அவருக்கு அறுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது, எனக்கு ஐம்பத்தொன்று. மூன்றாவது கேமில் நான் முன்னிலையில் இருந்தபோது, புடவைத் தலைப்பு சரிந்து ஒரு காயைத் தொட்டது. காய் நகர்ந்ததா இல்லையா என்று எனக்கே நிச்சயமில்லை.

"அக்கா, பட்டுடுச்சு."

அவர் தலையசைத்தார். என் காய்களில் ஒன்றைக் கையிலெடுத்து, வட்டத்துக்குள் எனக்கு எந்த இடம் மிகவும் இடைஞ்சலோ அதைத் தேடிக் கண்டுபிடித்து, கொஞ்சமும் இரக்கமில்லாமல் வைத்தார். ஸ்ட்ரைக்கரை வைத்தேன். நகம் தட்டத் தொடங்கியது. மூச்சை வெளியே விட்டு அனுப்பினேன். காய் குழியின் விளிம்பில் போய் நின்றுவிட்டது. அந்த ஆட்டத்தில் தோற்றேன்.

திரும்பும்போது நிலையம்வரை சேர்ந்தே நடந்தோம். அவருக்குக் கடற்கரை வண்டி, எனக்குப் பேருந்து. வண்டி வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம், பெரும்பாலும் மழையைப் பற்றியும் அவர் மூட்டுவலியைப் பற்றியும். ஏறும்போது படியில் நின்றுகொண்டு, "இன்னிக்கு நல்லா நடுங்கிச்சுல்ல?" என்றார்.

"ஆமா அக்கா," என்றேன்.